பழைய ஸ்டோரில் இரண்டு இனம்

ஆண் வௌவாலின் குறிக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. நான் ஆராய்ந்த வௌவால்களில் அது அரிசிக் குறுணை அளவுதான். மேசையில் கிடந்தால் தூசி என்று ஊதிவிடுவோம். பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அந்த எலும்பைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி நான் விளக்கத் தொடங்கியபோது பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பெண் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறாளே என்ற சங்கடம் அவருக்கு. சிரிப்பு அடங்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. அடுத்த படத்துக்குப் போனேன்.

அந்த மேடைக்கு நான் வந்து சேர்ந்த கதை பதுளையில் தொடங்குகிறது.

எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகும் பஸ் பாதையில் இருந்தது. பெயர் இங்கே வேண்டாம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை, அதன் முன்னால் இஸ்தோப்பு என்ற சின்னத் திண்ணை. தொண்ணூறுகளில் பதுளைப் பள்ளிக்கூடத்தில் நான் உயர்தரத்துக்கு விஞ்ஞானம் எடுத்தபோது, எங்கள் தோட்டத்திலிருந்து அப்படி எடுத்த முதல் பெண் நான்தான். நல்லெண்ணத்தோடு எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: டீச்சர் வேலைக்கு எழுதிப் போடு, தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடலாம். டீச்சர் வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மற்றவர்கள் எனக்காக ஓர் இடத்தை அளந்து வைத்திருந்தார்கள் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. விலங்கியல் படிக்கப் போனேன். பட்டம் முடிந்த பின்னும் வீடு திரும்பாமல் ஆராய்ச்சிக்கு நின்றேன்.

லயத்துக்கு மேலே பழைய ஸ்டோர் இருந்தது. தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கீழ் டிவிசனில் புதிதாக ஒன்றைக் கட்டிய பிறகு இது பூட்டிக் கிடந்தது. கொழுந்தை வாட்டுவதற்கென்று கட்டிய மேல்மாடிகள் முழுக்க வௌவால். பழந்தின்னி இல்லை. பூச்சி பிடிக்கிற சின்னஞ்சிறு மண்ணிற வௌவால், தீப்பெட்டிக்குள் மடங்கிவிடும். பொழுது சாயும்போது கூரைத் தகர இடுக்கிலிருந்து சரம் சரமாகப் புறப்படும்.

ஒரு விடுமுறையில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒலிமானி ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தேன். நம் காதுக்கு எட்டாத வௌவாலின் சத்தத்தை அது கேட்கும்படியாக மாற்றித் தரும். ஸ்டோர் வாசலில் நின்று அதைத் திருகிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த அந்த வௌவால்கள் இரண்டு வேறு வேறு சுருதிகளில் கத்தின. நடுவில் வெறுமை. ஒரே இனத்துக்குள் குரல் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். ஆனால் இப்படி நடுவில் பிளந்து நிற்காது என்று என் மனம் சொன்னது.

என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். படிப்பில் கெட்டிக்காரர், பேச்சில் கறார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, அந்த வௌவாலை வெள்ளைக்காரன் காலத்திலயே ஒரே இனம் எண்டு எழுதி முடிச்சாச்சு. அருங்காட்சியக லாச்சியில அடுக்கி வச்சிருக்கு. நீர் போய்ப் பாரும்."

"பாத்தேன் சேர். அடுக்கி வச்சவங்க அதோட சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டாங்க."

"சத்தம் மட்டும் காணாது. உடம்பில வித்தியாசம் காட்டும். இல்லையெண்டா வேற தலைப்புக்குப் போம்."

"காட்டுறேன் சேர்," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். உடம்பில் எங்கே காட்டுவது என்று அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது.

ஸ்டோருக்குள் போகத் தோட்ட மேலாளரான துரையின் அனுமதி வேண்டும். எங்கள் ஆட்கள் அவருடைய அலுவலகமான கந்தோரின் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார்கள். நான் கதவைத் தட்டி உள்ளே போனேன். வனவிலங்குத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதத்தை மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்தார்.

"நீ எந்த லயம்?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "மேல் லயம்," என்றேன். அதற்குமேல் ஆங்கிலத்தில் பேசினேன். எந்த வௌவால், எத்தனை மாத வேலை, கட்டடத்தில் எதையும் தொட மாட்டோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வாசலில் நின்ற கிளார்க்கின் கண்கள் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. துரை கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். அனுமதி கொடுத்தார். மறுநாள் பெரட்டுக்களத்தில், காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், என் நாற்காலிதான் பேச்சாம். அம்மா வந்து சொன்னாள்.

"தொர முன்னால குந்திக்கிட்டியாமே?"

"ஆமா."

"கால் மேல கால் போட்டியா?"

"இல்ல."

"அப்ப சரி," என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அந்தி நேரங்களில் ஸ்டோர் வாசலில் மெல்லிய வலையைக் கட்டினோம். ஒரு கம்பை நான் பிடிப்பேன், மறு கம்பை அம்மா. அவளுக்கு வௌவால் என்றால் அருவருப்பு. எச்ச நாற்றம் தாங்கவில்லை என்று முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வலையில் விழுந்ததை எடுத்து முன்னங்கையை அளந்து, எடை பார்த்து, இறக்கைத் தோலில் கடுகளவு வெட்டிக் குப்பியில் போட்டுவிட்டுப் பறக்க விடுவேன், பறக்கும்போது ஒலிமானியில் அதன் குரலைக் குறித்துக்கொள்வேன். அந்த ஓட்டை சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். அளவுகளில் ஒன்றும் பிடிபடவில்லை. நிறத்தில் மட்டும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. சில கறுத்த மண்ணிறம், சில செம்பட்டை. ஒருவேளை இதுதான் அந்த இரண்டு இனமோ என்று நினைத்தேன். ஆனால் செம்பட்டையிலும் இரண்டு குரலும் இருந்தன, கறுப்பிலும் இருந்தன. ஒன்றும் ஒட்டவில்லை. மாதக்கணக்காக அந்தச் சிக்கலிலேயே கிடந்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து வந்து இறங்கியபோது, லயத்துக்குப் போகும் வழியிலேயே கந்தக நெடி அடித்தது. ஸ்டோர்க் கதவு திறந்து கிடந்தது. கட்டடத்தை விலைக்கு வாங்குவதற்காகப் பார்க்க யாரோ வரப்போகிறார்கள் என்று மேல்மாடியில் கந்தகம் எரித்துப் புகை போட்டிருந்தார்கள். பெரும்பாலானவை தப்பிப் பறந்திருந்தன. தப்ப முடியாதவை பலகைத் தரையில் சருகுபோலக் கிடந்தன. துரையின் உதவியாளரான சின்னத்துரை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இது வனவிலங்குக் கடிதம் உள்ள இடம்," என்றேன்.

"கடிதம் ஒங்களுக்குத்தானே. வவ்வாலுக்கு இல்லையே," என்றார்.

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை. அந்த ஆளுக்கு முன்னால் அழக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். எலும்பும் மண்டையோடும் பார்க்க வேண்டுமானால் வௌவாலைக் கொல்ல வேண்டும். அதற்கு நான் தயங்கிக்கொண்டே இருந்தேன். இப்போது அந்தக் கேள்வியே இல்லாமல் போய்விட்டது. செத்ததை வீணாக்க மாட்டேன் என்று அவர் காதில் விழும்படியாகவே சொன்னேன்.

ஆனால் அவற்றைக் கெடாமல் வைக்க என்னிடம் போதிய மதுசாரம் இல்லை. இறக்கைத் துண்டுகளை உப்பில் புதைத்தால் மரபணு தாங்கும், கருவாடு தாங்குகிற மாதிரிதான். உடல்களுக்கு உப்புப் போதாது. பதுளைக்கு பஸ் ஏறிப் போய் சாராயக் கடையில் நின்றேன். கடைக்காரர் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து என்னை ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தார்.

"பொம்பளைங்களுக்கு விக்க ஏலாதும்மா. சட்டம்."

"குடிக்க இல்லீங்க. வவ்வால் போட."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "இந்தப் புள்ளைக்கு நான் வாங்கித் தாரேன்," என்றார் ஒருவர். அவர் குரலில் இருந்த இளிப்பு பிடிக்காமல் பையைத் திறந்து பிளாஸ்டிக் டப்பாவைக் கடைக்காரர் முன் வைத்து மூடியை எடுத்தேன். வரிசை கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தது. கடைக்காரர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு போத்தலை வெளியே தள்ளினார்.

"மூடிக்கிட்டுப் போயிருங்கம்மா. ஏவாரத்தக் கெடுக்காதீங்க."

போர் மறுபடி மூண்டிருந்த காலம் அது. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். பையில் வயர், பற்றரி, திருகாணிகளோடு ஒரு கறுப்புப் பெட்டி. சாராயத்தில் மிதக்கிற பிரேதங்கள் வேறு. என்னைத் தனியே நிறுத்தினார்கள். பஸ் காத்திருந்தது. உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எனக்காக இறங்கி வரவில்லை. அதற்கு அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

"இது என்ன?" என்று பெட்டியைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டான் இராணுவ வீரன். என் வயதுதான் இருக்கும்.

வௌவாலின் சத்தத்தைக் கேட்கிற பெட்டி என்று சிங்களத்திலேயே சொன்னேன். அவன் நம்பவில்லை. இப்போது பகல், வௌவால் எங்கே என்றான். என் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தேன். துப்பாக்கி கொஞ்சம் உயர்ந்தது. பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டுச் சாவிக்கொத்தை மெல்லக் குலுக்கினேன். சாவிகள் உரசும்போது நமக்குக் கேட்காத கூர்மையான சத்தமும் சேர்ந்து வரும். பெட்டி அதைப் பிடித்துப் படபடவென்று பொரிந்தது. அவன் சாவிக்கொத்தை வாங்கித் தானே குலுக்கினான். இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு சாராயத்தை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"இதையெல்லாம் எதற்காகப் படிக்கிறாய்?" என்று கேட்டான்.

"யாரும் படிக்காததால்," என்றேன்.

போகச் சொன்னான். பஸ்ஸில் உட்கார்ந்ததும் டப்பாவின் மூடியை இறுக்கிவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். பண்டாரவளை தாண்டும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் அந்த உடல்களைத் திறந்தேன். சிறிய வௌவால்களின் இனத்தைப் பிரிக்க ஆண்குறி எலும்புதான் நம்பகமான அடையாளம் என்று படித்திருந்தேன். காரக் கரைசலில் ஊறவைத்தால் சதை கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். சிவப்புச் சாயம் எலும்பை மட்டும் பிடிக்கும். முதல் எலும்பு நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பிளக்கவே இல்லை. நேராகப் போய் நுனியில் ஒரு சின்ன வளைவோடு முடிந்தது. நுணுக்குக்காட்டியை விட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். வளைவு அங்கேயே இருந்தது. மண்டையோடுகளை எடுத்தேன். பிளந்த எலும்பு உள்ளவற்றில் கோரைப்பல்லுக்குப் பின்னால் வரும் சின்னப் பல் வரிசையில் நின்றது. வளைந்த எலும்பு உள்ளவற்றில் அந்தப் பல் உள்பக்கமாக ஒதுங்கியிருந்தது. பெண் வௌவால்களின் பற்களும் அதே மாதிரி இரண்டாகப் பிரிந்தன.

இதைத்தான் அந்தக் கருத்தரங்கில் காட்டினேன். சிரிப்பு ஓய்ந்ததும் கேள்விகள் வந்தன. எலும்பு வயதுக்கேற்ப மாறலாமே என்றார்கள். நிறத்தோடு உங்கள் எலும்பு ஒத்துப்போகவில்லையே என்றார்கள். என் பொறுப்பாளரே எழுந்து நின்றார்.

"செம்பட்டையிலயும் ரெண்டு எலும்பு, கறுப்பிலயும் ரெண்டு எலும்பு. இப்ப எதை நம்புறது? ஏதோ ஒண்டு பிழை."

"நிறம்தான் சேர் பிழை," என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"இன்னும் தெரியாது. மரபணுவைப் பாத்தாத் தெரியும்."

வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று மாதிரிகளை வாசித்துத் தர ஒப்புக்கொண்டது. இறக்கைத் துண்டுகளை அனுப்பும் முன் ஒரு காரியம் செய்தேன். முடிவு வந்த பிறகு நான் எலும்பை அதற்கேற்ப மாற்றி அடுக்கிவிட்டேன் என்று நாளை ஒருவரும் சொல்லக் கூடாது. செத்த வௌவால்களின் இலக்கமிட்ட குப்பிகளை எலும்பும் பல்லும் சொன்னபடி இரண்டு தட்டுகளில் பிரித்து வைத்தேன். இரண்டையும் கொண்டுபோய்ப் பொறுப்பாளரின் அலுமாரியில் வைத்து, அவரையே பூட்டச் சொன்னேன்.

"என்னில நம்பிக்கை இல்லையோ?"

"உங்கள்ல இருக்கு சேர். என்னை யாரும் நம்பாம இருக்கக் கூடாது. அதுக்குத்தான்."

சாவியை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முடிவு வர நீண்ட நாள் பிடித்தது. அந்த இடைவெளியில் செம்பட்டை நிறத்தின் காரணமும் கிடைத்தது. காற்றுப் புகாத மூலைகளில் எச்சம் குவிந்து, அதிலிருந்து எழும் நவச்சார வாயு, அதாவது அமோனியா, நாள்பட நாள்பட மயிரை வெளுத்துச் சிவக்க வைத்துவிடுகிறது. நிறம் அவை தூங்கிய மூலையிலிருந்து வந்தது. பிறப்போடு அதற்குச் சம்பந்தம் இல்லை. அம்மா நாற்றம் தாங்காமல் மூக்கைக் கட்டிக்கொண்ட மூலைகளில்தான் செம்பட்டை அதிகம். இதைச் சொன்னபோது அவள், "நாங்களும் அந்த ஸ்டோர்ல கெடந்து வேல செஞ்சா மயிரு செவந்துதான் போயிருக்கும்," என்றாள்.

மின்னஞ்சலில் முடிவு வந்தது. நான்கு எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் நீண்ட வரிகள். அவற்றை ஒப்பிட்டு வரைந்த கிளைப்படத்தை அச்செடுத்துப் பொறுப்பாளரின் மேசையில் வைத்தேன். ஆழமாகப் பிரிந்த இரண்டு கிளைகள். பறக்க விட்டவற்றின் குரலும் அதே கிளைகளோடு ஒத்துப்போனது; வளைந்த எலும்புக் கிளைக்கு உச்சச் சுருதி. ஏற்கெனவே தனித்தனி இனம் என்று ஒப்புக்கொண்ட வௌவால்களுக்கு நடுவே இருக்கிற அளவுக்கு இடைவெளி. அவர் அலுமாரியைத் திறந்து இரண்டு தட்டுகளையும் எடுத்தார். ஒவ்வொரு குப்பியாகத் தூக்கி, அதன் இலக்கத்தைப் படத்தில் தேடி, விரலால் தொட்டுப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசிக் குப்பிவரை பார்த்தார். ஒன்றுகூடத் தட்டு மாறவில்லை.

"ரெண்டுதான்," என்றார்.

"ஆமா சேர்."

தட்டுகளை மறுபடி அலுமாரியில் வைத்துவிட்டு, "கட்டுரையில என்ர பேரை முதல் போடுவம். சஞ்சிகைக்காரர் கெதியா எடுப்பினம்," என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர்கள் காலத்து வழக்கம் அது.

"என் பேருதான் சேர் முதல். உங்க பேரு கடைசியில வரட்டும். அதுவும் மரியாதையான இடம்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. "சரி, உம்மட விருப்பம்," என்றார். பிறகு சில வாரங்கள் என்னோடு அளந்துதான் பேசினார். கட்டுரை என் பெயரை முதலில் தாங்கி வெளிவந்தது.

அதற்குப் பின் ஒரு பத்திரிகையாளர் என்னைத் தேடி லயத்துக்கே வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "உங்க மக்களையும் இப்படித்தானே எல்லாரும் ஒரே பெட்டியில போட்டுட்டாங்க, அதனாலதான இந்த ஆராய்ச்சி?" என்றார். எழுத அவருக்கு அது வசதியான வரி. நான் மறுத்தேன். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி மறுக்கப்பட்ட குடியுரிமைக்கு எங்கள் ஆட்கள் அலைந்த கதை வேறு, அதை மனிதக் கதையாகவே எழுதுங்கள் என்றேன். வௌவாலை வௌவாலுக்காகத்தான் படித்தேன். தோட்டத்திலிருந்து வருகிறவள் எதைப் படித்தாலும் அது தன் துயரத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று யார் விதித்தது? அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. செய்தி வரவே இல்லை.

ஸ்டோரைக் காப்பாற்ற முடியவில்லை. கூரையைப் பிரிக்கிறார்கள் என்று அம்மா தொலைபேசியில் சொன்னதும் ஓடிவந்தேன். குட்டி போட்ட பருவம். துரையின் கந்தோருக்குப் போய் மறுபடியும் உட்கார்ந்தேன். குட்டிகள் பறக்கும்வரை பொறுங்கள், இல்லையென்றால் கொழும்பிலுள்ள திணைக்களத்துக்கு எழுதுவேன், போன தடவை கந்தகம் போட்டதையும் சேர்த்தே எழுதுவேன் என்றேன். மிரட்டுகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மழைக்காலம் முடியும்வரை மேல்மாடித் தகரத்தை விட்டுவைத்தார்கள். அதற்குப் பிறகு எல்லாம் போயிற்று. மரம், தகரம், இரும்பு எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பிளந்த எலும்புக்காரர்கள் லயத்துக் கூரைகளுக்குக் குடிவந்தார்கள். அம்மா அவற்றைத் திட்டிக்கொண்டேதான் வாழ்ந்தாள். வளைந்த எலும்புக்காரர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அதைத் தேட எனக்கு அடுத்த சில வருடங்கள் பிடித்தன. பதுளைப் பக்கத்துத் தோட்டங்கள், வெலிமடை மரக்கறித் தோட்டங்களின் ஓரத்துப் பாழ்வீடுகள், பாலத்தடிகள் என்று ஒலிமானியோடு அலைந்தேன். அது அருகிவிட்ட இனம், அழிந்திருக்கும், தேடியது போதும் என்று பொறுப்பாளர் எழுதினார். அழிந்தது என்று எழுத ஆதாரம் வேண்டும், என்னிடம் இல்லை என்று பதில் எழுதினேன்.

ஒரு மாலை, நமுனுகுலைச் சரிவில், மழைத் தண்ணீர் போகக் கட்டிய கல்மதகு ஒன்றின் முன்னால் நின்றேன். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. அம்மாவும் வந்திருந்தாள். கொழுந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள், முழங்கால் வலி, ஆனாலும் கம்பு பிடிக்க வேறு ஆள் வேண்டாம் என்று பிடிவாதம். பெட்டி முதலில் சும்மா இரைந்தது. பிறகு அந்தப் பழைய குரல், வளைந்த எலும்புக்காரர்களின் உச்சச் சுருதி, தெறித்து விழுந்தது. ஒன்று. அப்புறம் ஒரு கூட்டம்.

"அதுதானா?" என்றாள் அம்மா.

"அதுதான்."

"நல்லாத்தான் ஒளிஞ்சிருக்குங்க," என்று சொல்லிவிட்டு முந்தானையை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டினாள். "கம்பக் குடு. நீயும் நேராப் புடி."